காப்பு நகலை எங்கே வைப்பது: பென் டிரைவா, ஹார்ட் டிஸ்க்கா, நாஸ் பெட்டியா, கிளவுடா?

பாளையங்கோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை. கம்பி, பெயின்ட், பிவிசி பைப் எல்லாம் விற்கிறார்கள். ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு அண்ணாச்சி போன் செய்தார்.

“தம்பி, டேலி தொறக்க மாட்டேங்கு. எல்லா பைலுக்கும் பின்னால புதுசா ஒரு வால் ஒட்டிக்கிட்டு நிக்கு. என்னன்னு வந்து பாரு.”

டேலி என்பது அவர் கடைக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு கிடந்தது. 980 டாலர் கட்டினால் பைல்களைத் திறக்கும் சாவி தருவார்களாம், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலையாம். ரான்சம்வேர். முந்தின நாள் பில் போடும் பையன் பிடிஎஃப் திருத்த ஒரு ‘கிராக்’ சாஃப்ட்வேரை இறக்கியிருக்கிறான். அதோடு உள்ளே வந்துவிட்டது.

அண்ணாச்சி முகத்தில் பெரிய கலக்கம் இல்லை. “தெனமும் காப்பி எடுக்கோம்லா. பென் டிரைவ்ல எல்லாம் இருக்கு” என்று சிபியுவின் பின்பக்கத்தைக் காட்டினார். மஞ்சள் டேப் ஒட்டி ‘பேக்கப்’ என்று பேனாவால் எழுதிய 32 ஜிபி பென் டிரைவ். மாதக்கணக்கில் அங்கேயே செருகி இருந்ததால் மேலே தூசி படிந்திருந்தது. திறந்தேன். அதில் இருந்த நகல்களுக்கும் அதே வால். டி டிரைவில் இருந்த இன்னொரு நகலுக்கும் அதே வால்.

இலவச மீட்புக் கருவிகளைப் போட்டுப் பார்த்தோம், திறக்கவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் செப்டம்பர் வரைக்குமான நகல் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்த விற்பனைக்கு, தாக்கல் செய்திருந்த ஜிஎஸ்டிஆர்-1 விவரங்களை ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கினோம். கொள்முதலுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி உதவியது. ரொக்க விற்பனைக்கு கார்பன் பில் புத்தகங்கள்தான் கதி. இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று வாரத்துக்கு மேல் தட்டச்சு செய்தார்கள். கடன் பாக்கிக் கணக்கில் மட்டும் சிலது கடைசி வரை நேராகவில்லை. வாங்கியவர் சொன்னதுதான் கணக்கு என்று விட வேண்டியதாயிற்று.

அந்தக் கடையில் காப்பு நகல் எடுத்தார்கள், தினமும் எடுத்தார்கள். தவறு எடுத்ததில் இல்லை, வைத்த இடத்தில் இருந்தது. அதனால்தான் நகலை வைக்கக்கூடிய இடங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, “எந்தக் கம்பெனி ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கும்?” என்றுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எதிலிருந்து காப்பாற்றப் போகிறோம்? நான் கண்ணால் பார்த்த ஆபத்துகள் ஐந்து. டிஸ்க் செத்துப் போவது. கைதவறி அழிப்பது. ரான்சம்வேர். தண்ணீர், தீ, திருட்டு மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், மூன்றிலும் இடத்தோடு போய்விடும். ஐந்தாவது, பொருள் பத்திரமாக இருந்தும் பூட்டின் சாவி தொலைவது, அதாவது கணக்கின் பாஸ்வேர்டோ ஓடிபி வரும் போன் நம்பரோ கையை விட்டுப் போவது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு இடமும் இவற்றில் சிலவற்றைத் தாங்கும், மற்றதில் முங்கிவிடும். ஐந்தையும் தாங்குகிற ஒற்றை இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். மூன்று என்றதும் மலைக்க வேண்டாம். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் அசலும் அதில் ஒன்று. கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டே.

டி டிரைவ்

இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சி, டி என்று இரண்டு பெயர் தெரிந்தாலும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. விண்டோஸ் மட்டும் கெட்டு சி டிரைவை ஃபார்மட் செய்யும்போது டி டிரைவ் தப்பிக்கும், அவ்வளவுதான் அதன் பயன். டிஸ்க் போனால் இரண்டும் போகும். இதை நகல் என்று எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பென் டிரைவ்

ஆடிட்டரிடம் பைல் கொண்டுபோய்க் கொடுக்க, பிரிண்ட் கடைக்குப் போக இது நல்ல சாதனம். சேர்த்து வைப்பதற்கு உதவாது. முந்நூறு ரூபாய்ப் பென் டிரைவில் போடும் மெமரி சிப் எந்தத் தரம் என்று அட்டையில் யாரும் எழுதுவதில்லை. சட்டைப் பையோடு துவைக்கப் போகிறது, பேருந்தில் விழுகிறது. யார் கையில் கிடைத்தாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்கிறது, உள்ளே உங்கள் வாடிக்கையாளர் பட்டியல், ஆதார் ஸ்கேன் எல்லாம் இருக்கும்.

போலியும் உண்டு. ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்கு 1 டிபி, 2 டிபி என்று வரும் பென் டிரைவ்களில் உண்மையில் இருப்பது பெரும்பாலும் 16 ஜிபியோ 32 ஜிபியோதான். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பை விண்டோஸிடம் பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். முதல் சில ஜிபி ஒழுங்காக ஏறும். அதற்குப் பிறகு ஏறுவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும், திறந்தால் படம் வராது. வாங்கியதும் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவசச் சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்து, உண்மை எவ்வளவு என்று சொல்லிவிடும். திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் ஓட்டுவது முக்கியம்.

வெளி ஹார்ட் டிஸ்க்

சிறிய கடைக்கும் வீட்டுக்கும் முதல் நகல் வைக்க நான் சொல்வது இதைத்தான். 1 டிபி டிஸ்க் ஒரு தடவைச் செலவுதான். மாதச் சந்தா இல்லை, இன்டர்நெட் வேண்டாம், நூறு ஜிபியை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடலாம். சிபியுவின் பின்னால் இருக்கும் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினால்தான் இந்த வேகம் வரும். பழைய கறுப்புத் துளையில் பல மடங்கு காத்திருக்க நேரும்.

இதன் பலம், கழற்றிவிட முடியும் என்பது. கம்ப்யூட்டருக்கு எந்த டிரைவ் கண்ணில் படுகிறதோ அதெல்லாம் ரான்சம்வேருக்கும் கண்ணில் படும். சி, டி, செருகியிருக்கும் பென் டிரைவ், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர், ஒன்றையும் விடாது. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பதிப்புகளையும் பல ரான்சம்வேர்கள் முதல் வேலையாக அழித்துவிடுகின்றன. 2017 மே 12-ஆம் தேதி கிளம்பிய வான்னாக்ரை உலகம் முழுக்க மருத்துவமனை, தொழிற்சாலை என்று பாராமல் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. அப்படி மாட்டினாலும், அலமாரிக்குள் கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் எட்டிப் பிடிக்க முடியாது.

ஆனால் கழற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டும். இதுதான் அதன் பலவீனமும். கல்லாவைப் பூட்டுகிற கையோடு டிஸ்க்கைக் கழற்றுகிற பழக்கம் வராத கடையில் அது மஞ்சள் டேப் ஒட்டிய பென் டிரைவ் கதையாகவே முடியும்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை, ஒன்றுக்கு இரண்டு டிஸ்க். ஒன்றில் சிவப்பு டேப், இன்னொன்றில் பச்சை டேப். இந்த வாரம் சிவப்பு கடையில், பச்சை வீட்டில். சனிக்கிழமை ராத்திரி கடை அடைக்கும்போது சிவப்பு வீட்டுக்குப் போகும், திங்கள் காலை பச்சை கடைக்கு வரும். ஒன்றில் நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ரான்சம்வேர் வந்தாலும் இன்னொன்று வெளியே இருக்கிறது, அதிகம் போனால் ஒரு வாரக் கணக்குதான் போகும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து விழுந்தால் கதை முடிந்தது. “டிக் டிக்” என்று சத்தம் வந்துவிட்டால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் தட்டு இன்னும் கீறப்படும். ரெக்கவரி ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவு பத்தாயிரக்கணக்கில் போகும், அப்போதும் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

விழுந்தாலும் தாங்கும் என்று, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வாங்குகிறார்கள். வேகத்துக்கும் அடிதாங்கவும் அது மேல்தான். நகலை எழுதி வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைக்க மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. எஸ்எஸ்டியில் தகவல் நிற்பது மின்னூட்டமாக, அது மெல்ல மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல், எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்துபோன வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பது. புதியதில் இதைவிட நெடுநாள் நிற்கும். ஆனால் சூடு ஏற ஏற நாள் குறையும், நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் மாடி அறை பீரோவுக்குள் 30 டிகிரியில் நிற்காது. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் சில மாதத்துக்கு ஒரு முறை செருகி, திறந்து பார்த்து வையுங்கள்.

இன்னொன்று. டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டுவது நல்லது, தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாது. அப்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று வரும். அதைக் காகிதத்தில் அச்சிட்டுப் பத்திரம், பாஸ்புக் இருக்கும் இடத்தில் வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

எல்லாம் சரி, தண்ணீர் வந்தால்? 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் வரை ஏறி வந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அரிசி மண்டியில் சிபியு மேஜைக்கு அடியில், ஹார்ட் டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில். டிராயரை இழுத்தபோது சேறும் தவிடுமாகக் கொட்டியது. மண்டிக்காரரின் வீடு அடுத்த தெருதான், அங்கும் இடுப்பளவு தண்ணீர். டிஸ்க் வீட்டில் இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. இரண்டாவது நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அன்றையிலிருந்துதான்.

நாஸ்

ஐந்தாறு கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ, இவர்களுக்கு இது பொருந்தும். நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி. இரண்டு டிஸ்க்கோடு வாங்கினால் முப்பதாயிரத்துக்குக் குறையாது, யுபிஎஸ் தனி. ஒரு டிஸ்க்கில் எழுதுவதை இன்னொன்றிலும் அப்படியே எழுதும் ரெய்டு வசதி இருப்பதால், ஒன்று செத்தாலும் வேலை நிற்காது.

ரெய்டு இருக்கிறது, தனியாகப் பேக்கப் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றில் அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழியும். ரான்சம்வேர் ஒன்றைப் பூட்டினால் மற்றதும் பூட்டிக்கொள்ளும். டிஸ்க் சாவதை மட்டும்தான் ரெய்டு தாங்கும், ஐந்தில் ஒன்று.

வெளியிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று நாஸை நேராக இன்டர்நெட்டில் திறந்து விடுவது பெரிய ஆபத்து. 2021 ஏப்ரலில் கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர் நுழைந்து, பைல்களை 7-ஜிப் என்ற சுருக்கும் சாஃப்ட்வேரில் பாஸ்வேர்ட் போட்டு அடைத்து 0.01 பிட்காயின் கேட்டது. அதே வருடம் ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகளை யாரோ தூரத்திலிருந்து ஃபேக்டரி ரீசெட் செய்தார்கள். மக்கள் காலையில் எழுந்து பார்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பிறகு அப்டேட்டே வந்திருக்கவில்லை. ஆக, அப்டேட் போட்டுப் பராமரிக்க ஆள் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு நான்கு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குவது மேல்.

கிளவுட்

இன்டர்நெட் வழியாக இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் நகல் வைப்பது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் எல்லாம் இதில் வரும். தண்ணீர், தீ, திருட்டுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கடையே போனாலும் நகல் வேறு ஊரில் இருக்கும். கூகுள் 15 ஜிபி இலவசம், ஒன்டிரைவும் ஐகிளவுடும் 5 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏறும் படங்களும் அந்தப் பதினைந்துக்குள்தான் கணக்கு. காசு கட்டினால் 100 ஜிபி மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும், அது நியாயமான செலவு.

இங்கே ஒரு வித்தியாசத்தை மட்டும் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும், நான் பார்த்த நஷ்டங்களில் பாதி இதனால் வந்தது. சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே என்ன இருக்கிறதோ அதையே அங்கே காட்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் என்பது தேதி போட்டு எடுத்து வைத்த ஜெராக்ஸ். அசலில் பிறகு என்ன நடந்தாலும் அது மாறாது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. போனில் இடம் இல்லை என்று வந்தது. “எல்லாம்தான் கூகுள்ல ஏறியிருக்கே” என்று, கூகுள் போட்டோஸுக்குள் போய்ப் பழைய படங்களை எல்லாம் அழித்துவிட்டார். அங்கே அழித்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகள் பூப்பு நீராட்டு, மாமனாரின் கடைசிப் பொங்கல், எல்லாம் அதில். எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, “ஏழெட்டு வாரம் இருக்குமா தம்பி” என்றார். ஏற்றப்பட்ட படங்கள் குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும். திறந்தபோது ஆறு நாள் மிச்சம் இருந்தது. எல்லாம் திரும்பி வந்தது. இடத்தைக் காலி செய்ய அந்தச் செயலியிலேயே தனிப் பொத்தான் உண்டு, அது ஏற்கெனவே ஏறியதைப் போனிலிருந்து மட்டும் நீக்கும். அக்கா தொட வேண்டியது அதைத்தான்.

ரான்சம்வேரும் இதே வழியில்தான் கிளவுடுக்குள் போகும். பூட்டப்பட்ட பைலைப் புதிய மாற்றம் என்று நினைத்து சிங்க் அப்படியே மேலே ஏற்றிவிடும். தப்பிக்க வழி, பழைய பதிப்புகள். கூகுள் டிரைவில் நாம் ஏற்றிய பைலின் பழைய பதிப்பு 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை இருக்கும். ஆனால் ஒவ்வொரு பைலாகத் திறந்து பின்னால் போக வேண்டும், ஆயிரக்கணக்கில் இருந்தால் அழுகை வரும். ஒன்டிரைவில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால், மொத்தத்தையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு தேதிக்குத் திருப்பிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே சில ஆபீஸ்களுக்கு நான் அதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

டேலி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரையே கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். டேலி ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்க, சிங்க் இன்னொரு பக்கம் பாதியில் எடுத்துக்கொண்டு போகும், டேட்டா கெட்டுப்போகும். டேலி பிரைமில் ஆல்ட் விசையோடு ‘ஒய்’ அழுத்தி, ‘பேக்கப்’ கொடுத்து, அது உருவாக்கும் நகலை மட்டும் தேதி போட்ட ஃபோல்டரில் கிளவுடுக்கு அனுப்புங்கள். திங்கள், செவ்வாய் என்று கிழமைப் பெயரில் ஏழு ஃபோல்டர் வைத்துக்கொண்டாலும் சரி. ஒரே பெயரின் மேலேயே தினமும் எழுதினால், இன்று கெட்டுப்போன கணக்கு நேற்றைய நல்ல கணக்கை அழித்துவிடும்.

வேகத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டேலி நகல் நிமிடக்கணக்கில் ஏறிவிடும். ஸ்டுடியோவின் 500 ஜிபி வீடியோவை, மேலேற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் உள்ள இணைப்பில் ஏற்ற, கரண்ட் போகாமல் நெட் அறுந்துபோகாமல் இருந்தால் 55 மணி நேரம். திரும்ப இறக்கவும் நேரம் ஆகும். கனமான பொருளுக்குக் கிளவுட் ஒத்துவராது, அதற்கு ஹார்ட் டிஸ்க்கும் வேறு ஊரில் ஒரு சொந்தக்காரர் வீடும்தான்.

பெரிய கம்பெனி வைத்திருப்பதால் போகவே போகாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து முழுதாக அழிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்களின் தளங்கள் திரும்பி வரவே இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் பற்றிய தீயில், அரசு ஊழியர்களின் ஆவணங்கள் இருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் போயிற்று. அளவு பெரிது என்று அதற்கு வெளி நகலே வைத்திருக்கவில்லை.

பிறகு அந்த ஐந்தாவது ஆபத்து, சாவி. கடையின் ஜிமெயிலை எப்போதோ வேலைக்கு இருந்த பையன் திறந்து கொடுத்திருப்பான். மீட்பு நம்பர் அவனுடையது. அவன் இப்போது துபாயில், பழைய சிம் இல்லை. பாஸ்வேர்ட் மறந்த அன்று கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் வாசலில் அந்நியராக நிற்பார். இன்றே அமைப்புகளுக்குள் போய், மீட்பு நம்பரும் மெயிலும் யாருடையது என்று பாருங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் பத்து மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அப்பா இறந்தபின் அவர் கணக்கில் இருக்கும் படங்களை அப்படியே விட்டு வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

எனக்குச் சரியாகப் படுவது

டேலியோடு ஓடும் சிறு கடைக்கு, சிவப்பு பச்சை இரண்டு ஹார்ட் டிஸ்க்கும், தினசரி டேலி நகல் மட்டும் கிளவுடிலும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதனால் மார்ச் 31 கணக்கு முடிந்ததும் அந்த வருடத்தின் நகலை அழிக்காத தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் நிலைமை வேறு. 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனி விதிப்படி, மின்னணுக் கணக்கேடுகளின் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். கிளவுட் வாங்கும்போது சர்வர் எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு ஆடிட்டர் கேட்பார்.

வீட்டுக்கு, 100 ஜிபி கிளவுட் ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று. படங்கள் தானாகக் கிளவுடுக்கு ஏறட்டும். பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிப்பெருக்குக்கு ஒரு முறை கூகுள் கணக்கில் இருப்பதை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் மொத்தத்தையும் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், வீட்டுக்கு நான் கிளவுடைச் சொல்வேன். வீட்டில் தினமும் டிஸ்க்கைச் செருகிக் கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது. கடைக்கு ஒன்றுதான் என்றால் ஹார்ட் டிஸ்க்கைச் சொல்வேன். கடை அடைக்கும் வேலைகளோடு அதைச் சேர்த்துவிடலாம்.

எங்கே வைத்தாலும் திறந்து பார்த்தாக வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, சாஃப்ட்வேர் எழுதுபவர்களின் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிச்சம். ஐந்து விதமான காப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள், அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. பேக்கப் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்ததைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்கள்கூட யாரிடமும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. முழுநேரமும் இதே தொழிலில் இருப்பவர்களுக்கே அப்படி.

பாளையங்கோட்டை அண்ணாச்சி கடைக்கு இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை போகிறேன். என் பழைய லேப்டாப்பில் டேலி இருக்கிறது. பச்சை டிஸ்க்கைச் செருகி, நகலை அதில் மீட்டெடுத்து, கடைசி பில் நம்பரைச் சொல்வேன். அண்ணாச்சி பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். மூன்று வாடிக்கையாளர் பாக்கியையும் ஒத்துப் பார்ப்போம். முதல் முறை பார்த்தபோது பில் நம்பர் சரியாக வந்தது, பாக்கியும் சரி. அண்ணாச்சி டீ சொல்லிவிட்டு, “பெயின்ட் கணக்கையும் பாத்திருவோம்” என்றார். பெயின்ட் வியாபாரத்துக்கு அவர் மகன் பெயரில் டேலியில் தனிக் கம்பெனி இருந்தது. தேடினேன், நகலில் அது இல்லை. பேக்கப் எடுக்கும்போது பட்டியலில் ஒரு கம்பெனியை மட்டும் தேர்ந்தெடுத்தே ஆறு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். அன்று டீ ஆறும் வரை யாரும் பேசவில்லை. பிறகு மகன் எழுந்து போய் இரண்டு கம்பெனியையும் தேர்ந்தெடுத்துப் புது நகல் எடுத்தான். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: “ரெண்டு கம்பெனி. எடுத்ததும் கழத்து.”